துளசிக்குச் செய்த மடக்குப் பெட்டி

என் புருஷன் குகனேஸ்வரன் கையில் திருப்புளி கிடைத்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். தேயிலை பேக்டரியில் மெஷின் பார்க்கிறவர். பிரிஞ்சாங் டவுன் ஹோட்டலில் தூக்கி வீச இருந்த பழைய புரொஜெக்‌ஷன் டிவியை ஒருநாள் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். பீரோ அளவுக்குப் பெட்டி!

"இத எங்கங்க வைக்கிறது? என் தலையிலயா?" என்று கத்தினேன்.

லயத்து வீட்டு முன்னறையில் எங்கள் மகள் துளசியின் கட்டில் போக, நடக்கத்தான் இடம். பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடிய பிள்ளை, இருதய நோய் வந்து படுத்துவிட்டாள். ஒரு இறுதியாட்டத்தையாவது பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"உள்ள பாதி வெறும் காத்துதான் விக்னேஸ்வரி. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவுல இடைவெளி வேணும், அதான் இவ்ளோ பெருசு. மடக்குப் பெட்டியா மாத்திட்டா, பாக்கிறப்ப இழுத்துக்கலாம், இல்லாட்டி மடக்கி செவுத்துல சாத்திடலாம்லா."

பேக்டரியிலேயே, தேயிலை காயவைக்கும் சூடான அறையை ஒட்டி உட்கார்ந்து, பலகை அறுத்துக் கீல் வைத்தார். அவரைத் திட்டிக்கொண்டே பக்கங்களுக்குக் கறுப்புத் துணி தைத்துக் கொடுத்தது நான்தான். அங்கே பெட்டி அழகாக விரிந்தது, மடங்கியது.

இறுதியாட்டத்துக்கு முதல் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்குப் பார்த்துப் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மறுநாள் இழுத்தால் பெட்டி அசையவில்லை. சூட்டில் காய்ந்த பலகையை இடுக்கே விடாமல் பொருத்தியிருந்தார். ஈரத்தில் அது ஊதி இறுகிப் போயிருந்தது. தேயிலை ஈரத்தோடேயே மல்லுக்கட்டும் மனுஷனுக்கு இது தோன்றவில்லையே!

"உடைச்சாவது தொறங்க!"

"கண்ணாடி போயிரும்டி."

துளசி கைபேசியிலேயே பார்த்தாள். "விடுங்கப்பா, அடுத்த மேட்ச்சு இதுல பாக்கலாம்லா," என்றாள்.

அடுத்த ஆட்டம் வருமுன் போய்விட்டாள் என் தங்கம்.

அவளைக் கிடத்த இடம் வேண்டுமென்று பெட்டியை வெளியே தகரக் கொட்டகைக்குத் தள்ளினார்கள். கருமாதியன்று அதை ஒட்டியே அடுப்பு மூட்டிச் சமைத்தோம். பந்தி முடிந்ததும், அண்டாவை எடுக்க வழி வேண்டுமென்று பக்கத்து வீட்டுப் பவளம் அக்கா பெட்டியைப் பிடித்து லேசாக இழுத்தார். அது முழுசாக விரிந்து நின்றது.

என் புருஷன் ஓடி வந்தார். மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். "நல்லாத்தான் செஞ்சிருக்கேன், பாரு," என்றார்.

"யாருக்குங்க செஞ்சீங்க? யாருக்கு?" என்று சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் உள்ளே இருந்த கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் எங்கள் ரெண்டு பேர் முகம் மட்டும் தெரிந்தது.