கைமடிக்கு மூன்று மாதம்

எங்கள் முதலாளி மகுடேஸ்வரன் யாரையும் அதட்டிப் பேசமாட்டார். ஒருவரை வேலையை விட்டு அனுப்பும்போதுகூட "சாப்டீங்களா" என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவார். அவரிடம் கோபப்படுவது பெரிய பாடு. நாம் கத்தினால் நமக்குத்தான் ஏதோ கோளாறு என்பதுபோல் ஆகிவிடும். ஆனாலும் போன வாரம் கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் அவருடைய பனியன் கம்பெனியில் நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். வெட்டின துணி எந்த மெஷினில் நிற்கிறது, எது செக்கிங்குக்குப் போனது, எது பேக்கிங்கில் கிடக்கிறது என்று கம்ப்யூட்டரில் காட்டுவது என் பொறுப்பு. எனக்குக் கீழே பயிற்சிக்கு ஒரே ஒரு பெண், கீதாஞ்சலி. ஊத்துக்குளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். அவளுடைய அம்மா நல்லம்மாளும் அதே பஸ்தான். கீழே செக்கிங் டேபிளில் நின்றே காலம் தள்ளியவர், மகள் மட்டும் மெஷின் பக்கம் வந்துவிடக் கூடாது என்று வைராக்கியமாக பி.சி.ஏ. படிக்க வைத்தார். இந்த மாதத்தோடு பயிற்சி முடிகிறது. மகளை நிரந்தரமாக்குவார்களா மாட்டார்களா என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கீதாஞ்சலிக்கு வேலை தெரியாது. அதை அவளே முதல் நாள் சொன்னாள். "ப்ராஜெக்டெல்லாம் ஏ.ஐ.கிட்ட கேட்டு முடிச்சுடுங்கன்னு எங்க காலேஜ் சாரே சொல்லிட்டாருங்க்கா. குடுத்தோம், பாஸ் பண்ணோம். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இங்க வந்துதான் கத்துக்கோணும்." எனக்கு அவளைப் பிடித்துப்போனது. தெரியாது என்று சொல்கிறவளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் முதலாளியின் மகன் ரூபத்தில் வந்தது. ரித்தீஷ் வெளியூரில் படித்துவிட்டு வந்ததும் எங்கள் கம்ப்யூட்டர்களில் ஏ.ஐ. வாங்கிப் போட்டான். நல்ல சாமான்தான், இல்லை என்று சொல்லவில்லை. நானும்தான் அதை வைத்து வேலை பார்க்கிறேன். ஆனால் அது எழுதுவதில் எது சரி, எது உளறல் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் வருஷக்கணக்கில் உளறிப் பழகியவள். கீதாஞ்சலிக்கு உளறவே வாய்ப்பில்லை. ஒருமுறை சைஸ் வாரியாக ஒரு ரிப்போர்ட் எழுதச் சொன்னேன். நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு பாதி வரை வந்துவிட்டாள். ரித்தீஷ் பின்னால் வந்து நின்றான், அவள் கீபோர்டை இழுத்து ஏ.ஐ.க்கு ரெண்டு வரி தட்டினான். டீ ஆறுவதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது. "இவ்வளவுதான்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த டீயை அவன் சட்டையில் ஊற்றலாமா என்று யோசித்தேன். அதற்கப்புறம் அவளுக்கு நான் எந்த வேலையைக் கொடுத்தாலும் ஏ.ஐ. முந்திக்கொண்டது. அவள் வாசிப்பாள், தலையாட்டுவாள்.

முதலாளி அறைக்குப் போய், "கீதாஞ்சலிய நிரந்தரம் பண்ணிடலாமுங்க" என்றேன்.

"சாப்டீங்களா அம்மிணி?" என்றார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"அந்தப் புள்ள எழுதறதையெல்லாம் ஏ.ஐ.யே எழுதிப்போடுதுன்னு ரித்தீஷ் சொல்றான். அப்புறம் எதுக்குங்க?"

"கத்துக்கறதுக்குங்க. இன்னும் மூணு மாசம் குடுங்க, தேறிடுவா."

"மூணு மாசமெல்லாம் ஆகாதுங்க. கம்ப்யூட்டர் வேல இப்ப வேற மாதிரி போய்ட்டு இருக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார். "அதுக்காக அந்தப் புள்ளய உட்டுருவனா? நல்லம்மா மகளாச்சே. டைலருக்கு ஆள் கெடைக்காமத் தவிக்கறோம். திங்கக்கிழமையிருந்து தையல் லைனுக்கு அனுப்பிடுங்க. மொதல்ல கைமடி, அப்புறம் மெஷின்."

கைமடி என்றால் தைக்கிறவருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற வேலை.

"அவளுக்குத் தைக்கத் தெரியாதுங்க."

"பொறக்கறப்பவே தெரிஞ்சுக்கிட்டா வர்றாங்க? மூணு மாசம் ஆகும். கொஞ்சம் துணி பாழாகும். ஆகட்டுமே. நானே கைமடியா வந்தவந்தானுங்க. டைலரு சாப்புடப் போன நேரத்துல அவரு மெஷின்ல உக்காந்து ஓட்டி, எத்தன ஊசி ஒடச்சிருப்பேன். கை பழகோணுமில்லீங்க?"

அதை அவர் நிஜமான அன்போடு சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊசி ஒடைக்க மூணு மாசம் குடுப்பீங்க, கம்ப்யூட்டர்ல தப்புப் பண்ண ஒரு வாரம் குடுக்க மாட்டீங்களா?" என் குரல் கேட்டு வெளியே அக்கவுண்ட்ஸில் எல்லாத் தலைகளும் திரும்பின. "நாளைக்கு நான் போய்ட்டா ஏ.ஐ. எழுதறது சரியா தப்பான்னு யாருங்க பாப்பாங்க? உங்க பையனா?"

"நீங்க எங்க அம்மிணி போகப் போறீங்க" என்று சிரித்தார். "தண்ணி குடிங்க."

நான் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை கீதாஞ்சலி லைனுக்குப் போனாள். புதன்கிழமைக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளைக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவது, முதலாளி வந்து கேட்கட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று மதியம் கீழே இறங்கினேன். செக்கிங் டேபிளில் நல்லம்மாள் வழிமறித்தார்.

"ஏனுங்க மேடம், இதுக்கா படிக்க வெச்சேன்னு நான் யாரப் போயிக் கேக்கறதுங்க? மொதலாளியும் தன்மையாத்தான் பேசறாரு, அவரு பையனும் தன்மையாத்தான் பேசறாரு. நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

"இருங்க, கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

லைனில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். கீதாஞ்சலி பவர் டேபிள் என்கிற ஒரு தையல் மெஷினில் உட்கார்ந்து வேஸ்ட் துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த மெஷினில் தைக்கிற டைலர் வேல்விழி பக்கத்திலேயே டிபன் பாக்ஸோடு உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். "கோணிப்போச்சு. பிரிச்சுட்டு மறுக்காத் தை." கீதாஞ்சலி நூலைப் பிரித்தாள். நாக்கு நுனி வெளியே தெரிய, அத்தனை மும்முரம். மேலே அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"எந்திரி, மேல போலாம். மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

"வேண்டாங்க்கா."

"பைத்தியமா உனக்கு? உங்கம்மா அங்க நின்னு அழுகாத குறையா..."

"இங்க தப்பாத் தெச்சா பிரிச்சுத் தைன்னு சொல்றாங்க. மேல நான் தப்புப் பண்றதுக்கு முன்னாடியே அந்த ஏ.ஐ. எழுதி முடிச்சுருதுங்க." தலையைத் தூக்காமலே சொன்னாள். "இத்தன நாள்ல நீங்க ஒருக்காக்கூட என்னத் திட்டுனதில்லீங்க்கா. திட்டற மாதிரி அங்க நான் என்ன செஞ்சேன்?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவளைத் திட்ட ஒன்றும் இல்லை. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் தனியாகத் திரும்பி நடந்தேன். மேலே போகிற படி செக்கிங் டேபிளை ஒட்டித்தான் இருக்கிறது. நல்லம்மாள் சாப்பிடப் போகாமல் அங்கேயே நின்று, என் பின்னால் மகள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.