கேரியர் சோறு

கால் வீங்கி, மூச்சு முட்டி, முந்தின நாள்தான் ஞானசேகரனைச் சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டாக்டர் அவன் காலை அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் குழி மூடவில்லை.

"இதயம் பலவீனமா இருக்கு, உப்பு ஆகாதுன்னு போன தடவையே சொன்னேன். குறைச்ச மாதிரியே தெரியலையே."

இதை அவர் மனைவி இளமதியைப் பார்த்துத்தான் சொன்னார். சமைப்பவள் அவள்தானே. ஞானசேகரன் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் ஞானசேகரனின் அக்கா முத்தம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி இளமதி, எந்தம்பிய உசுரோட வெச்சிருக்குற எண்ணமே இல்லியா? கைய அடக்கி உப்பு போடத் தெரியாதா ஒனக்கு?"

"எங்க ஊட்டுல உப்புச் சாடியே கெடையாது அண்ணி."

"யாருகிட்ட கத உடுற?"

இளமதி கேரியரைத் திறந்தாள். சாம்பார் சோற்றை ஒரு ஸ்பூன் அள்ளி நீட்டினாள். வாயில் போட்டதும் அக்காவுக்கு முகம் கோணிப்போனது. தண்ணீர் குடித்துத்தான் விழுங்கினாள்.

"கருமம்! இதையா தெனமும் துன்றீங்க?"

"ரெண்டு பேரும்தான். நான் மட்டும் உப்பு போட்டு சாப்ட்டா அவருக்கு ஏக்கமா இருக்கும்ல."

அக்கா மெல்லத் தம்பி பக்கம் திரும்பினாள். "அப்ப ஒனக்கு எங்கேர்ந்துடா வந்துச்சு உப்பு?"

கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனி சூப்பர்வைசர் அவன். மத்தியானமானால் இதே சோற்றைத் துறைமுகத்து நாய்களுக்குக் கொட்டுவான். அவையே முகர்ந்து பார்த்து யோசிக்கும். அப்புறம் பக்கத்துக் கடையில் கருவாட்டுக் குழம்பு. வீட்டில்தான் உப்பே இல்லையே, மத்தியானம் ஒரு வேளை தின்றால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைத்திருந்தான்.

"கருவாடு," என்றான், சுவரைப் பார்த்து.

"தெரியும்," என்றாள் இளமதி. "நேத்து ஒங்கள ஆட்டோல ஏத்தறப்பவே சட்டையில வாசம். ஐஸ் கம்பெனி வாசம் வேற, கருவாட்டுக் கொழம்பு வாசம் வேற. டாக்டர் என்னையச் சொல்றப்பவாவது வாயத் தெறப்பீங்கன்னு பாத்தேன்."

தட்டில் சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

"அண்ணி, கேன்டீன்ல எனக்கு ரெண்டு வடை வாங்கியாங்க. சட்னி ஜாஸ்தியா."

முத்தம்மாள் பர்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

வடை வந்தது. கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, சட்னியில் தோய்த்துத் தோய்த்துத் தின்றாள் இளமதி. ஞானசேகரன் குனிந்த தலை நிமிராமல், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சோற்றைத் தின்று முடித்தான்.