வயரைப் பிடுங்கிய வாடிக்கையாளர்

இந்த ஒப்பந்தம் கைநழுவினால் நாளைக்கே கம்பெனிக்குப் பூட்டுதான். அதை நடத்தும் அக்காவுக்கும் தம்பிக்கும் இது நன்றாகத் தெரியும்.

எதிரே மருந்து மொத்த வியாபாரி. அவருக்காக மருந்துக்கு ஆர்டர் போட்டு, ஆன்லைனில் பணமும் கட்டும் தங்கள் ஏஐ ஏஜென்ட் மென்பொருளை அக்கா ஓடவிட்டாள். பணம் கிளம்பிய அதே நொடியில், வியாபாரி எழுந்துபோய் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார்!

“இதுக்கு முன்னாடி வந்தவங்க ஏஜென்ட் இங்கதான் மண்ணைக் கவ்விச்சு. பதில் வரலைன்னு மறுபடியும் பணம் கட்டிடுச்சு.”

தம்பி அக்கா பக்கம் குனிந்தான். “போச்சுக்கா!”

“வாயை மூடுடா. சார், வயரை மாட்டுங்க.”

மாட்டினார். ஏஜென்ட் மறுபடியும் பணம் கட்டப் பாய்ந்தது. திரையில் பேமென்ட் சேவையின் பதில் பளிச்சிட்டது: ‘இந்த ஆர்டருக்குப் பணம் ஏற்கெனவே வந்துவிட்டது.’

“எப்படிம்மா?”

“ஆர்டர் போடும்போதே அதுக்குன்னு ஒரு தனி எண் விழுந்துடும் சார். ஏஜென்ட் தலைகீழா நின்னாலும் அதை மாத்த முடியாது. பேமென்ட் சேவைக்காரங்க ஒரு எண்ணுக்கு ஒரு தடவைதான் பணம் எடுப்பாங்க.”

வியாபாரி பேனாவைத் திறந்தார். “பன்னிரண்டு கிளைக்கும் போட்டுடுங்க.”

தம்பி மேஜையில் ஓங்கிக் குத்திய குத்தில் கையெழுத்து கோணிக்கொண்டது.

“அடப்பாவி!” என்று சிரித்தபடியே அவர் ஒப்பந்தத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.