மைக் இல்லாத பாட்டு

கும்மிடிப்பூண்டியில் எவனாவது பாட நினைத்தால் முதலில் மைக்கில் ஊதுவான், எக்கோவை ஏற்றுவான், பிறகு கீபோர்டில் டம்டம் என்று ஒரு தாளத்தைத் தட்டிவிடுவான். கல்யாணம், கன்வென்ஷன், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அதே டம்டம்தான். கேட்டாலே எனக்குக் குமட்டும்.

அதனால்தான் என்னையும் சேர்த்து ஆறு பேரைத் திரட்டினேன். எல்லாரும் சிப்காட் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். ஞாயிறு மத்தியானம், எங்களில் ஒருவரான லோகு வீட்டு மொட்டை மாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே, நான்கு குரலாகப் பிரிந்து வெறும் வாயால் பாடுவோம். மேடை கிடையாது, சந்தோஷத்துக்கு மட்டும். பூமிகாவின் குரலுக்கு அடியில் ஸ்டீவனின் கீழ்க்குரல் வந்து உட்காரும்போது எனக்குக் கண் கலங்கிவிடும். என்னுடையது என்று நான் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

ஸ்டீவன்தான் கெடுத்தான். சபை கன்வென்ஷனில் பாட ஒத்துக்கொண்டு வந்து நின்றான். "ஒரே ஒரு பாட்டுதான்க்கா. மைக் இல்லாமலே பாடலாம்னு பாஸ்டரே சொல்ட்டாரு." நம்பிப் போனேன்.

வாசலில் பேனர். அதில் கூலிங் கிளாஸ் போட்ட ஸ்டீவன் மட்டும், கையில் மைக்கோடு. எங்களுக்கு ரோஸ் கலர் சாட்டின் அங்கி. மேடையேறிய பிறகுதான் காதில் சொன்னான்: "மாடில நாம பாடுனத போன்ல புடிச்சி, ஸ்டுடியோல பீட்டு போட்டு வச்சிகீறேன். நீ சும்மா வாய அசைச்சா போதும்க்கா."

டம்டம் ஆரம்பித்தது. அதன்மேல் எக்கோவில் ஊறிப்போன என் குரல். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். என் குரல் அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை, கைதட்டினார்கள். இறங்கியதும் சபையைச் சேர்ந்த ஏஞ்சலின் டீச்சர் என் கையைப் பிடித்து, "உன் வாய்ஸ்தான் தூக்கலா இருந்துச்சி விக்டோரியா" என்றார். அருவருப்பில் கையை உருவிக்கொண்டேன். அங்கியைக் கழற்றி ஸ்பீக்கர் மேலேயே போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு லோகு வீட்டுப் படியில் ஸ்டீவன் நின்றிருந்தான், கையில் புது ஸ்பீக்கர் பெட்டி. "மீஞ்சூர்ல கூப்டுகீறாங்கக்கா."

"பொட்டிய கீழ வச்சிட்டு மேல வா."

பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னாக்கா பேஜாரு பண்ற. யாருமே கேக்காம பாடிக்கினு இருந்தா இன்னா பிரயோஜனம்?"

பெட்டியோடு போய்விட்டான்.

மாடியில் ஐந்து பேர் நின்றோம். பூமிகா எடுத்துக் கொடுத்தாள். ஸ்டீவனின் குரல் வந்து உட்காரும் இடம் வந்தது. காலியாகவே கடந்து போனது. நாங்கள் நிறுத்தவில்லை. பாவி, அவ்வளவு நல்ல குரல் அவனுக்கு.