மலை வலக்கைப் பக்கம்

பரீட்சை என்றால் எனக்குப் பயமே கிடையாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பஸ்ஸிலேயே பாதிப் பாடத்தை நெட்டுருப் போட்டுவிடுவேன். எம்.ஏ. ஆங்கிலத்தில் இதுவரை நான்தான் முதல். அந்த முதலிடத்துக்குத்தான் வேட்டு வைத்தார் கலையரசன் சார். இந்த முறை ஒரு தாளுக்குப் பரீட்சை கிடையாது, ப்ராஜெக்ட்தான், குழுவில் எல்லாருக்கும் ஒரே மார்க் என்று சொல்லிவிட்டார்.

என் குழுவில் இனியனும் சிந்துஜாவும். கிரிவலம் வரும் வெளிநாட்டவர்கள் போனில் கேட்டுக்கொண்டே நடக்க ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டி தயாரிக்க வேண்டும். நான் எழுதினேன். இனியன் குரல் கொடுத்தான். சிந்துஜாவோ ரமணாசிரமத்துப் பக்கம் கஃபேயில் உட்கார்ந்து வெள்ளைக்காரர்களோடு ஓட்டை இங்கிலீஷில் அரட்டை அடித்தாள். இவளுக்கும் எனக்கும் ஒரே மார்க்கா என்று வயிறு எரிந்தது. ஒரே ஒரு காரியம் செய்தாள். க்ளேர் என்ற பிரெஞ்சுப் பெண்ணைச் சோதனைக்குப் பிடித்து வந்தாள். எங்கள் பதிவை மட்டும் கேட்டு அவர் மலையைச் சுற்றி முடிக்க வேண்டும், நாங்கள் உதவக் கூடாது. அது சார் போட்ட நிபந்தனை.

காலையில் ஆசிரம வாசலில் அவரை விட்டுவிட்டு, வழியில் வரும் அடி அண்ணாமலை டீக்கடையில் காத்திருந்தோம். வெயில் ஏறியது. க்ளேர் வரவில்லை, சிந்துஜாவுக்கு அவருடைய போன்தான் வந்தது. கேட்டுவிட்டு அவள் முழித்தாள்.

"நாம சொன்ன எதுவுமே அங்க இல்லியாம். எல்லாரும் எதிர்லயே வர்றாங்களாம். கையைக் காட்டுறாங்களாம், இவங்களும் கும்பிடு போட்டுக்கினே போறாங்களாம்."

ஆசிரமத்திலிருந்து எதிர்த்திசையில் டவுன் பக்கம் திரும்பியிருக்கிறார்.

"எந்தப் பக்கமா சுத்தணும்னு நீ எழுதலியா வேதா?" என்றான் இனியன்.

"அதைப் போய் யாராவது எழுதுவாங்களா?"

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சுற்றுகிறோம். மலை வலக்கைப் பக்கம் இருக்கும். வேறு மாதிரியும் சுற்றலாம் என்று இந்த ஊரில் யாருக்குத் தோன்றும்? வலம் வருவதற்கு அகராதியில் தேடி ஒரு முழ நீள வார்த்தை பிடித்துப் போட்டிருந்தேன். போனை வாங்கி அதையே சொன்னேன். "வாட்?" என்றார் க்ளேர். சிந்துஜா போனைப் பிடுங்கி, "ஹில், ரைட் சைட். ஆல்வேஸ் ரைட் சைட்," என்றாள். க்ளேர் திரும்பி நடந்தார், சுற்றியும் முடித்தார்.

உதவிவிட்டோம், முதலிடம் போச்சு என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மறுநாள் வகுப்பில் இனியன் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினான். சாருக்கு ஒரே சந்தோஷம். தப்பைக் கண்டுபிடித்ததுதான் படிப்பு என்று மூன்று பேருக்கும் மார்க்கை அள்ளிப் போட்டார். முதலிடம் என்னிடமே இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. பரீட்சையில் தப்பு செய்தால் மார்க் குறையும், இங்கே ஏறுகிறது. இந்த மார்க் நான் எழுதியதற்கா, எழுதாமல் விட்டதற்கா?

ப்ராஜெக்டில் படிப்பது எப்படி இருந்தது என்று சார் ஒவ்வொருவராகக் கேட்டார். இனியன் ஜாலி என்றான். க்ளேர் இன்னமும் தினம் பேசுகிறார் என்றாள் சிந்துஜா.

"நீ என்னம்மா நினைக்கிற? பரீட்சை நல்லதா, இது நல்லதா?"

எழுந்து நின்றேன்.

"சார், இது எத்தனை மார்க் கேள்வி?"

வகுப்பே சிரித்தது. நான் நிஜமாகத்தான் கேட்டேன். அது தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது?