வகியெம் என்று ஒருமுறை

"வகியெம் வகியெம்" என்று கூப்பிட்டது மருத்துவமனை ஒலிபெருக்கி. காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ரப்பர் பூட்ஸோடு வந்திருந்த மீன்காரி எழுந்தாள். "ஒரு தடவ கூப்பிட்டா போதும். காது நல்லாத்தான் கேக்குது."

பதிவறையில் நிரல் எழுதிக்கொண்டிருந்த பூஜியாத்திக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கழுத்து அட்டையிலும் பூஜியாத்தி பூஜியாத்தி என்றுதான் இருந்தது. இந்தோனேசியாவின் சுரபாயாவில் எத்தனையோ பேருக்கு ஒற்றைப் பெயர்தான். வெளிநாட்டு மென்பொருளோ குடும்பப் பெயர் இல்லாமல் யாரையும் உள்ளே விடாது. அதனால் அந்த ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டு வந்தார்கள்.

"மத்தியானத்துக்குள்ள சரி பண்ணலன்னா இந்தப் படிவம் இப்படியே எல்லா ஊரு ஆஸ்பத்திரிக்கும் போயிடும்" என்றார் மேலாளர் ஹெர்மன் சிரெகார். "ரெண்டு தடவ சொன்னா என்ன நஷ்டம்?"

"உங்களுக்குக் குடும்பப் பேரு இருக்கு, பாக்" என்றாள், ஐயா என்னும் மரியாதையோடு.

அவள் எழுதிய படிவம் மென்பொருளின் தாய்ப் படிவத்திலிருந்து கிளைத்தது. தாயிடம் இருப்பதெல்லாம் இதற்கும் வரும், பெயர், குடும்பப் பெயர் என இரு கட்டம் கொண்ட பெயர்ப்பெட்டி உட்பட. குடும்பப் பெயர்க் கட்டத்தை மறைத்துப் பார்த்தாள். மறைந்த கட்டம் காலி என்று தாய் மறுத்தது. பெட்டியையே நீக்கினாள். சேமிக்கும்போது தாய் அதைத் தேடியது. திரை உறைந்தது.

லொன்தோங் என்ற இலைச்சோறு தொடாமல் ஆறியது. தாயின் நிரலை முதலிலிருந்து படித்தாள். பெட்டியைத் தாய் நேரே செய்யவில்லை. செய்து தரும்படி ஒரு சின்னச் செயற்கூற்றிடம் கேட்கிறது, வந்ததை வைத்துக்கொள்கிறது. இத்தனை நேரமும் பிறந்துவிட்ட பெட்டியோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அந்தச் செயற்கூற்றை அதே பெயரில் தன் படிவத்தில் எழுதினாள். இப்போது தாய் கேட்டதும் அதுவே முந்திக்கொண்டு ஒற்றைக் கட்டப் பெட்டியைச் செய்து நீட்டியது. தாய் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பெட்டிக்குப் பதில் தெரிந்திருந்தது. தாய் வித்தியாசம் பார்க்கவில்லை.

வகியெமின் பதிவைத்தான் முதலில் திருத்தினாள். தாய் மறுக்காமல் சேமித்தது.

ஹெர்மன் குனிந்தார். "தாய்ப் படிவத்துல கை வெச்சியா?"

"ஒரு எழுத்தக்கூடத் தொடல."

"சரி, என் சிரெகார் எங்க போவான்?"

"அதே கட்டத்துல உக்காருவான், பாக். இடம் நெறைய இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "எல்லா ஊருக்கும் இதையே அனுப்பு."

வெளியே மருந்துக்கு அழைப்பு வந்தது. "வகியெம்."

மீன்காரி பாதி எழுந்து, மீதியைக் கேட்க நின்றாள். ஒலிபெருக்கி பேசவில்லை. யாரும் சிரிக்கவில்லை. முந்தானை போல் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, பூட்ஸ் சத்தமிட, கூடத்தின் நடுவே நடந்து போனாள்.