ஒரேயொரு ‘ம்’

ராணுவ அகாடமியில் ‘ம்’ கொட்டக் கூடாது. கேட்ட கேள்விக்கு “யெஸ் மேடம்”, இல்லையென்றால் “நோ மேடம்”. நடுவில் எதுவும் கிடையாது. வந்த புதிதில் வாய் தவறி ‘ம்’ சொல்லிவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடாத மாணவி யாருமில்லை. அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் அந்தச் சத்தத்துக்கு உயிர் வரும்.

அப்படி ஒரு ‘ம்’மைத்தான் ஸ்கேல் சனிக்கிழமை சாயங்காலம் சொன்னாள்.

ஸ்கேல் என்பது கூடப் படிக்கிறவர்கள் வைத்த பெயர். செக்‌ஷன் தலைவி அவள். படுக்கை விரிப்பின் மடிப்பை நிஜமாகவே ஸ்கேல் வைத்து அளப்பவள். அறைத் தோழிக்கு வாலு என்று பெயர் வந்த காரணத்தைச் சொல்லவே வேண்டாம். அணிவகுப்பில் வாய்விட்டுச் சிரித்தது அவளுடைய முதல் தப்பு. மதில்மேல் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தது அடுத்தது. இன்னொன்று சேர்ந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வாலுவின் அண்ணன் கப்பல் வேலைக்குக் கிளம்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் போகும் ரயில் இந்த ஊரில் கொஞ்ச நேரம் நிற்கும். வெளியே போக வேண்டுமென்றால் செக்‌ஷன் தலைவி மூலமாகத்தான் கேப்டனிடம் கேட்க வேண்டும்.

“ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்டி வருவான். மூஞ்சியப் பாத்துட்டு ஓடி வந்துடறேன். நல்லா கெஞ்சிக் கேளு. உன் மூஞ்சிக்குக் கெஞ்சல் வராது, இருந்தாலும் முயற்சி பண்ணு.”

ஸ்கேல் போனாள். கேப்டன் டீயை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்தார்.

“வாம்மா. இந்த மாசம் உன் செக்‌ஷன்லேர்ந்து ஒருத்திகூட வெளிய போறேன்னு வந்து நிக்கல. தலை சரியா இருந்தா வால் தானா அடங்கும்னு இப்பத்தான் கமாண்டன்ட்கிட்ட சொல்லிட்டு வந்தேன். சரி, என்ன விஷயம்?”

கேட்க வந்தது தொண்டை வரை வந்தது. அதற்குள் அந்தப் பாராட்டு நாக்கில் இனித்துவிட்டது.

“ஒண்ணுமில்ல மேடம். பூட்ஸ் பாலிஷ் தீந்து போச்சு.”

அறைக்குத் திரும்பியபோது வாலு ஒற்றைக் காலில் பூட்ஸோடு நொண்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

“கேட்டியா?”

ஸ்கேல் அலமாரியைத் திறந்து தலையை உள்ளே நுழைத்துக்கொண்டாள். “ம்.”

அதில் ‘அப்புறம் சொல்கிறேன்’ இருந்தது. ‘இன்னும் கேட்கவில்லை’கூட இருந்தது. விளக்கணைப்பதற்குள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வாலு அதை அனுமதி கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டு, பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக் கன்னத்தைக் கிள்ளினாள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

மறுநாள் வாலு கிளம்பும்போது ஸ்கேல் குளியலறைக்குள் இருந்தாள். “வரேன்டி!” என்ற குரல் கேட்டது. அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

மதியம் திரும்பி வந்த வாலுவைக் கேப்டனே வாசலில் பிடித்தார். செக்‌ஷன் முழுவதையும் வராந்தாவில் அட்டென்ஷனில் நிறுத்தி, “யாரைக் கேட்டுப் போன?” என்றார்.

வாலுவின் கண் ஒரு கணம் ஸ்கேலைத் தேடியது. அட்டென்ஷனில் நிற்பவள் பார்வையைத் திருப்பக் கூடாது. ஸ்கேல் விதிப்படி நேரே பார்த்தாள். எதிர்ச் சுவரின் விரிசல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. விதியைப் பிடித்துக்கொண்டு இப்படி ஒளிந்துகொள்ள முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

“கேக்காமத்தான் போனேன் மேடம்” என்றாள் வாலு.

அறையில் பெட்டியில் துணிகளைத் திணித்துக்கொண்டே அவள் சிரித்தாள். “மேடம் மறந்துட்டாங்க போல. நீ கேட்டேன்னு நான் சொன்னா அவங்களப் பொய்யாக்குன மாதிரி ஆயிடும். அடி உனக்குத்தான் விழும். விடு. அண்ணன் ஜன்னல் வழியா கையப் புடிச்சான்டி, ரயில் நகந்தப்புறமும் விடல. அது போதும்.”

ஸ்கேல் எழுந்து கேப்டனின் அறைக்கு நடந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்: கேட்காதது, பாலிஷ், ‘ம்’, குழாய்.

 கேப்டனின் முகம் இளகியது.

“பாலிஷ் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் அவளக் காப்பாத்த நீ கட்டற கதை. உன்ன எனக்குத் தெரியாதா?”

“கதையில்ல மேடம். சத்தியமா.”

“போதும். பொய்க்குத் தண்டனை உண்டு. இந்தப் பருவம் முழுக்க ரெண்டு பேரும் வாசல் தாண்டக் கூடாது. அவ வீட்டுக்குப் போக வேண்டாம், கமாண்டன்ட்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன். உன்ன மாதிரி ஒருத்தி பக்கத்துல இருந்தா போருக்கே தைரியமாப் போகலாம்.”

“யெஸ் மேடம்” என்றாள் ஸ்கேல்.

செய்தி அவளுக்கு முன்னால் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாலு கண் கலங்கி நின்றாள். “எனக்காகப் பொய் சொன்னியாமே! ஸ்கேல் வளையும்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?”

அப்படியே விட்டிருக்கலாம். நம்புகிறவளிடம் பழியைத் தேடி வாங்கிக்கொள்வானேன்? ஆனால் அந்த நன்றி கழுத்துப் பட்டையைப் போல இறுக்கியது. கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். குழாயையும் விடவில்லை.

வாலு கத்துவாள் என்று நினைத்தாள். அவள் கட்டிலில் மெல்ல உட்கார்ந்தாள்.

“நேத்தே கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா உன் அண்ணனப் பாத்திருக்க முடியாது...”

“யாரு சொன்னா? கேக்காமலே போயிருப்பேன். மாட்டினா மாட்டட்டும்னு தெரிஞ்சே போயிருப்பேன். அது என் தப்பா இருந்திருக்கும்டி.” அவள் குரல் உயரவில்லை. “போறதா வேண்டாமாங்கற முடிவு ஒண்ணுதான் எனக்குன்னு இங்க இருந்தது. அதையும் நீயே எடுத்துட்ட.”

வாலு எழுந்தாள்.

“இனிமே எனக்கு எது வேணும்னாலும் நானே போய்க் கேட்டுக்கறேன். விதி கிடக்கட்டும். நோ சொன்னா சொல்லட்டும்.” வாலு வாளியை எடுத்துக்கொண்டு துணி துவைக்கப் போனாள்.

பெட்டி திறந்தபடியே கிடந்தது. உள்ளே சட்டைகள் கண்டபடி சுருண்டு கிடந்தன. மடித்து வைக்க ஸ்கேலின் கை தானாக நீண்டது. அது வாலுவின் பெட்டி. கையை இழுத்துக்கொண்டாள்.